வெள்ளை மாளிகையின் மாடிப்படிகள்: லிங்கன் வீட்டில் வாழ்ந்தவர்கள், உழைத்தவர்கள், வந்துபோனவர்கள்

1861 மார்ச் 4 அன்று ஆபிரகாம் லிங்கன் பதவியேற்றபோது, வாஷிங்டனின் வெள்ளை மாளிகை வீடாகவும் இருந்தது, அலுவலகமாகவும் இருந்தது. இன்று செய்திகளில் அடிபடும் மேற்குச் சிறகு அப்போது கட்டப்படவில்லை. மாடியின் கிழக்குப் பாதியில் நாட்டை ஆண்டார்கள். மேற்குப் பாதியில் குடும்பம் குடியிருந்தது. படுக்கையறையிலிருந்து அலுவலக அறைக்குப் போக வேண்டுமானால், இடையில் காத்திருக்கும் கூட்டத்தைக் கடந்துதான் குடியரசுத் தலைவர் போக வேண்டும். அந்தக் கூட்டமோ படிக்கட்டில் தொடங்கி மாடிக்கூடம்வரை நின்றது. அஞ்சலகத் தலைவர் பதவி கேட்டு வந்தவர், மகனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாக அழுதுகொண்டு வந்த தாய், துப்பாக்கி கண்டுபிடித்திருப்பதாகச் சொல்லி அதைக் கையோடு தூக்கி வந்தவர் என எல்லாரும் ஒரே படியில் நின்றார்கள்.

அந்த வீட்டில் நான்கு ஆண்டுகள் யார் யார் இருந்தார்கள், யார் உழைத்தார்கள், யார் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தார்கள் என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். உள்நாட்டுப் போரைத் தளபதிகளின் கதையாகவும் சட்டங்களின் கதையாகவும் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அடிமை முறையை ஒழிப்பதா வேண்டாமா என்று மாடியில் விவாதம் நடந்தபோது, கீழே சமையலறையிலும் தையல் மேசையிலும் வாயிற்கதவிலும் வேலை பார்த்தவர்களில் பலர் கறுப்பின மக்கள். சிலர் அடிமையாகவே பிறந்து விடுதலை பெற்றவர்கள். லிங்கன் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசிய மனிதர்கள் இவர்கள். இவர்களை விட்டுவிட்டு அந்த வீட்டின் வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறுதான்.

போர் அந்த வீட்டுக்குள் நுழைய அதிக நாள் பிடிக்கவில்லை. ஏப்ரல் 12 அன்று சம்டர் கோட்டை மீது, பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் குண்டு விழுந்தது. ஏப்ரல் 18 இரவு, கான்சஸிலிருந்து வந்திருந்த தொண்டர் படையினர் துப்பாக்கிகளோடு கிழக்கு அறையின் கம்பளத்தில் படுத்துத் தூங்கினார்கள். தலைநகரைக் காக்க அன்று வேறு படை போதுமான அளவில் இல்லை. மாடி அலுவலகத்தின் சன்னலில் நின்றால் பொட்டோமாக் ஆறும், அதற்கு அப்பால் வர்ஜீனியாவும் தெரியும். அலெக்சாண்ட்ரியா ஊரின் விடுதியொன்றின் உச்சியில் பறந்த தெற்குக் கூட்டமைப்பின் கொடியும் அங்கிருந்து தெரிந்தது. மே 24 அன்று எல்மர் எல்ஸ்வொர்த் என்ற 24 வயது கர்னல் அந்தக் கொடியை இறக்கிக்கொண்டு படியில் இறங்கினார். விடுதிக்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார். எல்ஸ்வொர்த் ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கனின் வழக்கறிஞர் அலுவலகத்தில் சட்டம் பயின்றவர், வீட்டுப் பிள்ளையைப் போலப் பழகியவர். ஐந்து வாரத்துக்கு முன் வீரர்கள் உறங்கிய அதே கிழக்கு அறையில் அவர் உடல் கிடத்தப்பட்டது.

வீட்டில் தங்கி வேலை பார்த்தவர்களில் அதிகம் அறியப்பட்டவர்கள் செயலாளர்கள். பவேரியாவில் பிறந்த ஜான் நிக்கோலே, அப்போது 22 வயதே ஆன ஜான் ஹே. இருவரும் மாடியின் வடகிழக்கு மூலையில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டார்கள். குடியரசுத் தலைவருக்குச் சட்டப்படி ஒரே ஒரு அந்தரங்கச் செயலாளருக்குத்தான் சம்பளம் உண்டு. ஆகவே ஹேயை உள்துறை அமைச்சகத்தின் எழுத்தராகக் கணக்கில் காட்டி இங்கே பணியமர்த்தினார்கள். மலைபோல் குவிந்த கடிதங்களைப் பிரிக்க வில்லியம் ஸ்டாடர்ட் என்ற இளைஞரும் வந்து சேர்ந்தார். கொலை மிரட்டல்களும் அந்தக் குவியலில்தான் வந்தன.

ஹேயின் நாட்குறிப்பில் 1864 ஏப்ரலில் ஒரு காட்சி இருக்கிறது. நள்ளிரவு தாண்டிவிட்டது. செயலாளர்கள் இன்னும் வேலையாக இருக்கிறார்கள். கையில் தாமஸ் ஹூடின் நகைச்சுவைப் புத்தகத்தோடு லிங்கன் உள்ளே வருகிறார். உடம்பில் குட்டையான இரவுச் சட்டை மட்டும். நீண்ட கால்கள் இரண்டும் வெளியே தெரிகின்றன. தான் எப்படி நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், படித்து ரசித்த பக்கத்தை அவர்களுக்கும் காட்டிச் சிரித்துவிட்டுப் போகிறார். வர்ஜீனியாவில் வடக்கின் தளபதி கிராண்ட் பெரும் படையெடுப்பைத் தொடங்கச் சில நாள்களே இருந்த நேரம் அது. பகலெல்லாம் போர்க்களத்துச் சாவுகளைச் சுமந்தவருக்கு இரவில் சிரிப்பைப் பகிர்ந்துகொள்ள யாராவது தேவைப்பட்டார்கள். அந்த வீடு அதைக் கொடுத்தது.

பார்வையாளர்களைப் பார்க்க நேரம் வகுக்கச் செயலாளர்கள் திரும்பத் திரும்ப முயன்றார்கள். அந்த ஒழுங்கை முதலில் மீறியவர் லிங்கனேதான். மக்கள் தன்னிடம் அதிகம் கேட்பதில்லை, கேட்பதும் கிடைப்பதில்லை, கதவை எப்படி மூடுவது என்பது அவர் வாதம். இந்தச் சந்திப்புகளைப் பொதுமக்கள் கருத்தில் குளிப்பது என்று அவர் வருணித்தார். மக்களின் நாடியைத் தொட்டுப் பார்க்க அவருக்குத் தெரிந்த வழி இதுதான். தனக்காக அந்த வீட்டில் அவர் செய்துகொண்ட மாற்றம் ஒன்றே ஒன்று: காத்திருப்பு அறையின் ஓரமாக ஒரு தடுப்பு எழுப்பி, கூட்டத்தின் கண்ணில் படாமல் அலுவலகத்திலிருந்து குடும்பப் பகுதிக்குப் போக ஒரு நடைவழி. திறந்த கதவுக்கு வீடும் விலை கொடுத்தது. வந்தவர்கள் நினைவுப் பொருளாகத் திரைச்சீலையையும் கம்பளத்தையும் கத்தியால் வெட்டி எடுத்துப் போனார்கள்.

அந்தத் திரைச்சீலைகளை வாங்கியவர் மேரி லிங்கன். சிதிலமடைந்து கிடந்த வீட்டைச் சீர்செய்ய நாடாளுமன்றம் ஒதுக்கிய 20,000 டாலரையும் தாண்டி அவர் செலவு செய்துவிட்டார். படைவீரனுக்குப் போர்த்திக்கொள்ளப் போர்வை இல்லாதபோது இந்த வீட்டுக்கு அலங்காரப் பொருளா என்று கணவர் கொதித்தார். மேரியின் செலவுகளைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். எழுதியவர்களில் பலர் மறந்துவிடும் செய்தி வேறு: அவர் கென்டக்கியின் அடிமை உடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். மாற்றாந்தாய் மக்களான அவருடைய தம்பிகள் தெற்கின் படையில் இருந்தார்கள். சாமுவேல் ஷைலோ போரில் இறந்தார். அலெக்சாண்டர் பேட்டன் ரூஜில் இறந்தார். வடக்கின் பத்திரிகைகள் மேரியை உளவாளி என்றன, தெற்கு துரோகி என்றது. தம்பிகளுக்காக ஊரறிய அழக்கூட அவருக்கு வழியில்லை.

1863 டிசம்பரில் அந்தப் பிளவு வீட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்தது. சிக்கமாகா போரில் இறந்த தெற்குத் தளபதி ஹார்டின் ஹெல்மின் மனைவி எமிலி, மேரியின் தங்கை. கைம்பெண்ணாகி, பிள்ளையோடு வந்தவரை லிங்கன் தம்பதியர் வெள்ளை மாளிகையிலேயே தங்க வைத்தார்கள். இந்தக் கலகக்காரியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று, போரில் காலை இழந்த தளபதி சிக்கிள்ஸ் மேசையைத் தட்டிச் சத்தம் போட்டார். எங்கள் விருந்தினரை நாங்களே தேர்ந்துகொள்வது வழக்கம், நண்பர்களின் உதவி தேவையில்லை என்பதுதான் லிங்கனின் பதில். கணப்பின் முன்னால் எமிலியின் சிறுமியும் லிங்கனின் கடைக்குட்டி டாடும் சண்டை போட்ட கதையை அந்தக் குடும்பம் பாதுகாத்து வைத்திருந்தது. எங்கப்பாதான் குடியரசுத் தலைவர் என்றான் டாட். இல்லை, ஜெஃபர்சன் டேவிஸ்தான் என்றாள் சிறுமி. லிங்கன் இருவரையும் தூக்கி ஆளுக்கொரு முழங்காலில் உட்காரவைத்தார்.

தெற்குக் கூட்டமைப்பின் தலைவரான இந்த ஜெஃபர்சன் டேவிஸின் வீட்டிலும் லிங்கனின் வீட்டிலும் தைத்தவர் ஒருவர் உண்டு: எலிசபெத் கெக்லி. அந்த மாளிகைக்குள் கால் வைத்த அத்தனை பேரிலும் மிக அதிகம் கவனிக்கப்பட வேண்டியவர் இவர்தான்.

1818இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தார் கெக்லி. செயின்ட் லூயிஸ் நகரில் ஊசியும் நூலும் கொண்டு தன் எசமானரின் குடும்பத்துக்கே சோறு போட்டார். 1855இல் 1,200 டாலர் கொடுத்துத் தன்னையும் மகன் ஜார்ஜையும் விடுவித்துக்கொண்டார். வாடிக்கையாளரான பெண்கள் கடனாகத் திரட்டிக் கொடுத்த பணம் அது; தைத்தே அடைத்தார். வாஷிங்டனுக்கு வந்து செனட்டர் டேவிஸின் மனைவி வரீனாவுக்கு உடை தைத்தார். போர் வரப்போகிறது, எங்களோடு தெற்குக்கு வந்துவிடு என்று வரீனா அழைத்தபோது, யோசித்துப் பார்த்து மறுத்துவிட்டார். லிங்கன் பதவியேற்ற மறுநாளே மேரி லிங்கன் அவரை நேரில் பார்த்து வேலைக்கு அமர்த்தினார். அளவெடுப்பதில் தொடங்கிய உறவு, மேரி மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரே தோழமையாக வளர்ந்தது.

ஜார்ஜ் தோற்றத்தில் வெள்ளையராகவே இருந்தார், தந்தை வெள்ளையர். கறுப்பின மக்களைப் படையில் சேர்க்காத அந்த நாளில் வெள்ளையராகப் பதிந்துகொண்டு வடக்கின் படையில் சேர்ந்தார். 1861 ஆகஸ்டில் மிசூரியின் வில்சன்ஸ் கிரீக் போரில் உயிரை விட்டார். கெக்லிக்கு வேறு பிள்ளை இல்லை.

ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்கும் அதே துயரம் வந்தது. 1862 பிப்ரவரி 5 அன்று கீழே 500 பேருக்கு அழைப்பு அனுப்பிய பெரு விருந்து. மாடியில் லிங்கனின் 11 வயது மகன் வில்லிக்குக் காய்ச்சல். பெற்றோர் மாறி மாறிப் படியேறிப் பார்த்துவந்தார்கள். விழித்திருந்து பார்த்துக்கொண்டவர்களில் கெக்லியும் ஒருவர். பிப்ரவரி 20 அன்று பையன் இறந்தான், டைஃபாய்டாக இருக்கக்கூடும். உடலைக் குளிப்பாட்டி உடுத்தியவர் கெக்லி. லிங்கன் வந்து மகனின் முகத்துணியை விலக்கிப் பார்த்து, இவன் இந்த உலகத்துக்கு மிஞ்சிய நல்ல பிள்ளை என்று சொல்லி, கைகளில் முகம் புதைத்துக் குலுங்கினார். கட்டிலின் கால்மாட்டில் நின்று கண்ணீரோடு அதைப் பார்த்தவர், அந்தப் போரில் தன் ஒரே மகனைக் கொடுத்த தாய். அவ்வளவு பெரிய மனிதர் இப்படி உடைந்துபோவதை அதுவரை நினைத்தும் பார்த்ததில்லை என்று பின்னர் எழுதினார். அதே நாள்களில் டாடும் படுத்துவிட, ரெபெக்கா பாம்ராய் என்ற செவிலியரை மருத்துவமனையிலிருந்து வரவழைத்தார்கள். கணவரையும் பிள்ளைகள் இருவரையும் பறிகொடுத்தவர் அவர். இரவில் லிங்கன் அவரருகே அமர்ந்து, அந்த இழப்பை எப்படித் தாங்கினீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

கெக்லி துயரத்தோடு முடங்கவில்லை. 1862 கோடையில் தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமை மக்கள் வாஷிங்டனில் குடிசைகளில் ஒண்டிக் கிடந்தார்கள். போர்த்த துணியில்லை, விறகில்லை. தன் திருச்சபையின் கறுப்பினப் பெண்களைக் கூட்டி அவர்களுக்காக உதவிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அந்த நவம்பரில் கணவருக்கு மேரி எழுதிய கடிதத்தில், கெக்லி சொன்னதைக் கேட்டதாகவும், படைவீரர் நலனுக்கென்று கையில் இருந்த 1,000 டாலரில் 200ஐ அந்தச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும் இருக்கிறது. அடிமைகளை வேலை வாங்கிய வீட்டில் வளர்ந்த மேரியின் கை இப்படித் திரும்பியதற்குக் கெக்லியே காரணம். வீட்டுக்குள் ஒருவர் இருப்பது என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

வில்லியம் ஜான்சனின் கதை வேறு மாதிரி. ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து லிங்கனோடு ரயிலில் வந்த கறுப்பின இளைஞர்; முகச்சவரம் செய்வது, உடைகளைக் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வெள்ளை மாளிகையில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள் அவரை ஏற்கவில்லை. அவர்களும் கறுப்பினத்தவரே, ஆனால் மாநிறத்தவர்கள். ஜான்சனின் கருநிறம் அவர்களுக்கு இழுக்காகப் பட்டது. 1861 மார்ச் 16 அன்று கடற்படை அமைச்சருக்கு எழுதிய சிபாரிசுக் கடிதத்தில், மற்றப் பணியாளருக்கும் இவருக்கும் உள்ள நிற வேறுபாடுதான் பிரிவுக்குக் காரணம் என்று லிங்கன் எழுதினார். பல மாத முயற்சிக்குப் பிறகுதான் கருவூலத்தில் செய்தி கொண்டுசெல்லும் வேலை கிடைத்தது. ஆனாலும் காலையில் வந்து லிங்கனுக்குச் சவரம் செய்துவிட்டுப் போவார்.

1863 நவம்பரில் கெட்டிஸ்பர்க் பயணத்துக்கும் ஜான்சனையே லிங்கன் அழைத்துச் சென்றார். திரும்பும் ரயிலில் லிங்கனுக்குத் தலைவலி. நெற்றியில் ஈரத்துணியோடு படுத்து வந்தார். வந்தது அம்மை, இலேசானதோடு போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் நகரெங்கும் பெரியம்மை பரவியிருந்தது, ஜான்சனையும் பிடித்துக்கொண்டது. 1864 ஜனவரியில் லிங்கனைப் பார்க்கப் போன ஒரு பத்திரிகையாளர், மேசைமேல் காகிதப் பணத்தை எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்த குடியரசுத் தலைவரைக் கண்டார். கருவூலத்தில் வேலை பார்க்கும் கறுப்பினத்தவர் ஒருவர் அம்மையோடு மருத்துவமனையில் கிடக்கிறார், கையெழுத்திட முடியவில்லை, அவர் சம்பளத்தை நானே வாங்கி அவர் சொன்னபடி உறையிலிட்டுப் பிரித்து வைக்கிறேன் என்று விளக்கினார் லிங்கன். சிவப்பு நாடாவை அறுத்து அந்தப் பணத்தைப் பெறத் தனக்கே பெரும்பாடாகிவிட்டது என்றும் சொன்னார். அந்த மாதமே ஜான்சன் இறந்தார். லிங்கனின் பரிவை இதில் காணலாம். நிறத்தின் பேரால் வேலையிலிருந்து விலக்கப்பட்டவரை அந்த வேலையிலேயே நிறுத்தி வைக்க, நாட்டையே ஆண்டவரால் தன் வீட்டுக்குள் முடியவில்லை என்பதையும் சேர்த்தே காண வேண்டும்.

வில்லியம் ஸ்லேடை இங்கே குறிப்பிட வேண்டும். வெள்ளை மாளிகைப் பணியாளர்களில் தலைமை இடத்தில் இருந்தவர்; வெளியே வாஷிங்டனின் கறுப்பினச் சமூக அமைப்பொன்றின் தலைவர். வாக்குரிமைக்கும் கல்விக்கும் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். தட்டு எடுத்தவராக மட்டும் அவரை எண்ணிவிடக் கூடாது. இரவில் தூக்கம் வராத லிங்கன் ஸ்லேடோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருப்பார் என்பது ஸ்லேடின் குடும்பம் சொல்லி வந்த செய்தி. அவர் பிள்ளைகளும் டாடும் விளையாட்டுத் தோழர்கள்.

பணியாளராகக் கறுப்பினத்தவர் உள்ளே இருந்தது சரி, விருந்தினராக வந்தால்? 1862 ஆகஸ்ட் 14 அன்று லிங்கன் கறுப்பினத் தலைவர்கள் ஐவரை வரவழைத்தார். அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. இரு இனங்களும் பிரிந்து வாழ்வதே நல்லது, மத்திய அமெரிக்காவுக்குக் குடியேறுங்கள் என்று அறிவுரை சொன்னார். லிங்கனை நேசிப்பவர்கள் கடந்துபோக விரும்பும் நாள் அது. ஆனால் கடந்துபோகக் கூடாது. ஏனென்றால் அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே கறுப்பினத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸ் அந்தப் படிக்கட்டில் வந்து நின்றார், அழைப்பில்லாமல். கறுப்பின வீரர்களுக்குச் சம ஊதியம் வேண்டும், தெற்கு அவர்களைப் பிடித்துக் கொன்றால் பதிலடி வேண்டும் என்று கேட்டார். அரை நாள் காத்திருக்க வேண்டும் என்று நினைத்தவரைச் சில நிமிடத்தில் உள்ளே அழைத்துவிட்டார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. 1864 ஆகஸ்டில் லிங்கனே டக்ளஸை அழைத்தார். தேர்தலில் தோற்றுவிட்டால் என்ன ஆகும் என்று அஞ்சி, அதற்குள் தெற்கின் அடிமைகளை எப்படி வடக்கின் எல்லைக்குள் கொண்டுவருவது என்று ஆலோசனை கேட்டார். இரண்டே ஆண்டில் அறிவுரை சொன்னவர் ஆலோசனை கேட்பவரானார்.

மூன்றாம் முறை, 1865 மார்ச் 4. இரண்டாம் பதவியேற்பின் மாலை வரவேற்பு. வாசலில் இரண்டு காவலர்கள் டக்ளஸை மறித்தார்கள். கறுப்பினத்தவரை விடக் கூடாதென்று உத்தரவு என்றார்கள். அப்படி எந்த உத்தரவும் இல்லை, வெறும் பழக்கம்தான். உள்ளே போகும் ஒருவரிடம் டக்ளஸ் சொல்லியனுப்ப, கிழக்கு அறையில் ஆயிரக்கணக்கானோர் நடுவே லிங்கன் உரத்த குரலில், இதோ என் நண்பர் டக்ளஸ் வருகிறார் என்றார். கைகொடுத்து, பதவியேற்பு உரை எப்படி இருந்தது என்று கேட்டார். பின்னால் கூட்டம் காத்திருக்கிறது என்று டக்ளஸ் தயங்க, உங்கள் கருத்தைவிட நான் அதிகம் மதிக்கும் கருத்து வேறு யாருடையதும் இல்லை என்று நிறுத்தி வைத்துக் கேட்டார். அந்த வீட்டின் நான்காண்டுப் பயணத்தை அளக்க 1862 ஆகஸ்டையும் 1865 மார்ச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

எல்லாக் கதைகளும் அப்படி முன்னேறவில்லை. 1863 மார்ச் 27 அன்று செயேன், கியோவா முதலிய பழங்குடித் தலைவர்கள் கிழக்கு அறையில் தரையில் அரைவட்டமாக அமர்ந்திருந்தார்கள். செயேன் தலைவர் லீன் பேர் பேசினார்; சமாதானத்தைக் காப்பதாகச் சொன்னார். அவருக்குப் பதக்கமும் நட்புச் சான்றும் கிடைத்தன. 1864 மே மாதம், அந்தப் பதக்கத்தை மார்பில் அணிந்துகொண்டு கொலராடோப் படையினரை எதிர்கொண்டு நட்போடு சென்றபோது சுட்டுக் கொன்றார்கள். வெள்ளை மாளிகையில் கொடுத்த வாக்கு மேற்குச் சமவெளியில் செல்லவில்லை. லிங்கன் ஆட்சியின் ஆறாத கறை இது.

கோடைகளில் குடும்பம் மூன்று மைல் தள்ளியிருந்த படைவீரர் இல்லத்துக் குடிலுக்குப் போய்விடும். லிங்கன் குதிரையில் போய்வருவார். வழியில் தப்பிவந்த அடிமை மக்களின் முகாம். குடிலை ஒட்டிப் படைவீரர் கல்லறை, நாளுக்கு நாள் பெருகியது. பென்சில்வேனியா வீரர்கள் காவலுக்கு வந்தபோது, தேவையில்லை என்றவர் பிறகு அவர்களோடு பழகிவிட்டார்.

1865 ஏப்ரல் 14 இரவு ஃபோர்டு அரங்கில் லிங்கன் சுடப்பட்டதை உலகம் அறியும். அதன் பிறகு ஐந்து வாரம் மேரி மாடியறையை விட்டு இறங்கவில்லை. புதிய குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் கருவூலக் கட்டடத்தில் இருந்தபடி ஆட்சி செய்தார். கீழே காவலற்றுக் கிடந்த அறைகளிலிருந்து பீங்கானும் வெள்ளியும் காணாமல் போயின. மேரியோடு அந்த அறையில் இருந்தவர் கெக்லி.

அந்த வீட்டைப் பற்றி யார் எழுதியது நிலைத்தது? நிக்கோலேயும் ஹேயும் 1890இல் பத்துத் தொகுதிகள் வெளியிட்டார்கள். ஹே வெளியுறவு அமைச்சராகவும் உயர்ந்தார். 1868இலேயே கெக்லி தன் வாழ்க்கையையும் வெள்ளை மாளிகை நாள்களையும் புத்தகமாக எழுதினார். மேரியின் அந்தரங்கக் கடிதங்களைப் பதிப்பாளர் அதில் சேர்த்துவிட, தோழமை முறிந்தது. எசமானியின் ரகசியத்தைத் தையல்காரி வெளியிடுவதா என்று பத்திரிகைகள் ஏசின. வாடிக்கையாளர்கள் விலகினார்கள். பின்னாளில் ஒகையோவின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் தையற்கலை கற்பித்தார். அவர் மகன் படித்த இடம் அது. 1907இல் வாஷிங்டனில் ஆதரவற்றோர் இல்லத்தில் இறந்தார்.

1935இல் ஒரு பத்திரிகையாளர் அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஒரு வெள்ளைப் பெண் எழுத்தாளர் என்றும், எலிசபெத் கெக்லி என்று ஒருவர் இருந்ததே இல்லை என்றும் சொல்லும் அளவுக்குப் போனார். கெக்லியை நேரில் அறிந்தவர்கள் அப்போதும் வாஷிங்டனில் இருந்தார்கள். ஜான் வாஷிங்டன் என்ற கறுப்பின ஆசிரியர் வீடு வீடாகப் போய் அவர்களைக் கண்டார். கெக்லியோடு ஒரே திருச்சபையில் அமர்ந்தவர்கள், அவரிடம் தையல் கற்றவர்கள், ஸ்லேடின் மகள், வெள்ளை மாளிகைச் சமையலறையில் உழைத்தவர்களின் பிள்ளைகள் ஆகியோர் சொன்னதையெல்லாம் எழுதி, 1942இல் லிங்கனை அறிந்தவர்கள் என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். ஸ்லேடும் சமையல்காரர் கார்னீலியா மிட்செலும் பணியாளர் பீட்டர் பிரவுனும் தையல்காரர் ரோசெட்டா வெல்சும் பெயரோடு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த நூலால்தான். நெடுங்காலம் அச்சில் இல்லாமல் கிடந்த அது, 2018இல் வரலாற்றாசிரியர் கேட் மசூரின் முன்னுரையோடு மீண்டும் வந்தது. லிங்கனைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் பத்துத் தொகுதிகளோடு அந்த ஒரு தொகுதியையும் மேசையில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டியிருக்கிறது.